இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு: சத்திரசிகிச்சையால் குறைந்த நிறையைத் தக்கவைத்துக்கொள்ளும் முறை

உடற்பருமன் குறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோருக்கு, ஆரம்ப வாரங்களின் சிரமம் தீர்ந்தபின் முதல் ஆண்டு இலகுவாகவே கழிந்துவிடுகிறது. பசி அதிகம் எடுப்பதில்லை. நாலு கவளம் இறங்கியதும் வயிறு போதும் என்கிறது. மாதந்தோறும் நிறை குறைகிறது. காண்பவர்கள் எல்லாரும் "நல்லா மெலிஞ்சு போனியள்" என்கிறார்கள். ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்களுக்குள் இந்த இறக்கம் நின்றுவிடும். அதற்குப் பிறகு வரும் இருபது முப்பது ஆண்டுகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன், ஏனெனில் எங்கள் வன்னிப் பக்கத்தில் அதைச் சொல்லித்தர ஆள் குறைவு. கொழும்பிலோ இந்தியாவிலோ, உறவினர் வாழும் வெளிநாடொன்றிலோ சத்திரசிகிச்சையை முடித்துக்கொண்டு, கையில் ஒரு கோப்புடன் பரந்தனுக்கோ ஒட்டுசுட்டானுக்கோ திரும்பி வந்தவர், இரண்டாம் ஆண்டோடு அந்த நிபுணரிடம் போய்வருவதை நிறுத்திவிடுகிறார். நிறை திரும்ப ஏறத் தொடங்குவதும் அதே காலத்தில்தான்.

கொஞ்சம் ஏறுவது இயல்பு என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். சுவீடனில் 1987 இல் தொடங்கி நீண்ட காலம் நடத்தப்பட்ட ஆய்வில், பைபாஸ் (இரைப்பையில் சிறு பை அமைத்துக் குடலோடு இணைக்கும் முறை) செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாகத் தமது நிறையில் 32 வீதத்தை இழந்தார்கள்; பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 வீதமாக இருந்தது. 120 கிலோ இருந்த ஒருவரை வைத்துக் கணக்கிட்டால், 82 கிலோவரை இறங்கியவர் பத்தாம் ஆண்டில் 90 கிலோவில் நிற்கிறார். ஏழெட்டுக் கிலோ திரும்பியதற்காக எல்லாம் வீணாகிவிட்டது என்று மனம் விட வேண்டியதில்லை. ஆனால் காவல் இல்லாவிட்டால் அந்த 90 அங்கேயே நிற்பதுமில்லை.

நான் 2017 இல் ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றும் முறையில், சத்திரசிகிச்சை செய்துகொண்டவன். 118 கிலோவிலிருந்து 79 கிலோவுக்கு இறங்கி, மூன்றாம் ஆண்டில் எனக்கே தெரியாமல் 88 கிலோவுக்கு ஏறி, பிறகு 83 கிலோவுக்குக் கொண்டுவந்து அங்கே வைத்திருக்கிறேன். வைத்தியம் சார்ந்து கீழே சொல்பவை பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவை. எனினும் மருந்திலும் மாத்திரையிலும் எந்த மாற்றத்தையும் உங்கள் வைத்தியரைக் கேட்டே செய்யுங்கள்.

நிறை எந்த வழியால் திரும்புகிறது

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேற்பட்ட பகுதி அகற்றப்பட்டு, வாழைப்பழ வடிவில் ஒடுங்கிய குழாய் ஒன்று எஞ்சுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெருமளவில் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசி மங்குகிறது. பைபாஸ் முறையில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பை ஒன்றை அமைத்து, சிறுகுடலின் முற்பகுதியைத் தாண்டி அதை இணைக்கிறார்கள். இரண்டிலும் மெல்ல வேண்டிய திண்ம உணவு அந்த ஒடுங்கிய இடத்தில் தங்கி மெதுவாகக் கீழிறங்குவதால், சிறிதளவிலேயே நிறைவு வருகிறது. தேநீரில் தோய்த்த பிஸ்கற், ஐஸ்கிறீம், கேக், மிக்சர், சீனி கலந்த பானம் ஆகியவை அப்படித் தங்குவதில்லை, வழுக்கிக்கொண்டு போய்விடுகின்றன. ஒரு துண்டு மீனும் இரண்டு கரண்டி சோறும் உண்டு "இனி ஏலாது" என்று எழும்புகிற அதே மனிதர், மாலையில் ஒரு பைக்கற் பிஸ்கற்றைத் தேநீரோடு முடித்துவிட்டு, வயிற்றில் எதுவும் இருப்பதாக உணராமல் இருப்பார்.

நான் கண்டவரையில், வன்னியில் சத்திரசிகிச்சை செய்தவர்களின் நிறை சோற்றுத் தட்டால் திரும்புவதில்லை. தேநீர்க் கோப்பையால் திரும்புகிறது. விடிந்ததும் ஒன்று, வயலுக்கோ வேலைக்கோ போய் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, யாராவது படலையைத் திறந்தால் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று, செத்தவீட்டுக்குப் போனால் அங்கே இரண்டு. நாளொன்றுக்கு ஏழு கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்று வைத்தால் பதினான்கு தேக்கரண்டி. அது அறுபது கிராமுக்கு மேல். ஏறத்தாழ 250 கலோரி. அளவாகச் சமைத்த ஒரு கோப்பைச் சோற்றில் இருப்பதிலும் இது கூட, அதிலும் பால்மாவையும் பிஸ்கற்றையும் இன்னும் சேர்க்கவில்லை. சிறுத்த இரைப்பைக்காரர் அந்த ஒரு கோப்பைச் சோற்றை ஒரே தடவையில் உண்ணவும் மாட்டார். சீனியையோ யாரும் எண்ணுவதில்லை.

ஆகவே முதல் வேலை தேநீரைச் சீர்செய்வது. சீனியை ஒரே நாளில் நிறுத்துவது கடினமென்றால், இரண்டு கரண்டியை ஒன்றாக்கி, இரண்டு வாரத்தில் அரையாக்கி, பிறகு விட்டுவிடலாம்; நாக்கு பழகுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கிறது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்பது எங்கள் பழக்கம், அது சீனியைவிடப் பாதுகாப்பானது என்ற எண்ணமும் பலரிடம் உண்டு; நிறையைப் பொறுத்தவரை பனங்கட்டியும் சீனிதான். நெஸ்டமோல்ட், மைலோ போன்றவற்றைச் சத்துப்பானம் என்று நம்பிச் சத்திரசிகிச்சைக்குப் பின் தினமும் இரண்டு தடவை குடிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். சீனியும் சேர்த்துக் கரைத்த அந்தப் பானம் உங்களுக்கு வேண்டியதில்லை. பிஸ்கற் ரின்னை வீட்டில் வைக்காதீர்கள். விருந்தினருக்கு வேண்டுமென்றால் அவித்த கடலையோ கச்சானோ இருக்கட்டும். கச்சானையும் சிறு கிண்ணத்தில் அளந்து எடுத்து, பையைக் கட்டி வைத்துவிட வேண்டும், ஏனென்றால் அதில் எண்ணெய் அதிகம்.

பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு இன்னொரு வகையிலும் தண்டனை தரும். சீனி அதிகமுள்ள உணவு விரைவாகச் சிறுகுடலுக்குள் இறங்கும்போது, அரை மணி நேரத்துக்குள்ளே வியர்வை, படபடப்பு, வயிற்று முறுக்கு, வயிற்றோட்டம் வரலாம். ஒன்று முதல் மூன்று மணித்தியாலங்கள் கழித்துக் குருதியில் சீனி அளவு விழுந்து நடுக்கமும் மயக்கமும் வரலாம். அந்த நடுக்கத்துக்கு மருந்தாக இன்னொரு இனிப்பைத் தின்றால், சற்று நேரத்தில் மீண்டும் அதே நடுக்கம் வந்து, நாள் முழுவதும் கொறித்துக்கொண்டிருக்கும் நிலை உண்டாகிறது. மயக்கம் வரும்போது விழுந்த அளவை உயர்த்தவே வேண்டும், அதில் தயங்கக்கூடாது. ஆனால் இது அடிக்கடி நிகழ்ந்தால் வைத்தியரிடம் சொல்லி, சாப்பாட்டில் புரதத்தைக் கூட்டி இனிப்பைக் குறைப்பதே தீர்வு.

தட்டில் எது முதலில்

மீன், முட்டை, கோழி, பயறு, பருப்பு ஆகியவற்றில் ஒன்று முதலில், மரக்கறி அடுத்தது, சோறோ புட்டோ இடியப்பமோ கடைசியில், இடம் இருந்தால். இந்த ஒழுங்கை மாற்றாமல் வைத்திருப்பது, கலோரிக் கணக்குப் பார்ப்பதைவிட எளிது. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு. ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல், அவித்த பயறு அல்லது கௌபி 100 கிராமில் 7 முதல் 8 கிராம், ஒரு குவளைப் பாலில் 6 அல்லது 7 கிராம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். முல்லைத்தீவுக் கடலும் எங்கள் குளங்களும் இருக்கும்போது புரதமாவு ரின்களுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. விரால், திலாப்பியா, இறால், கணவாய், நண்டு எல்லாம் நல்லவை. பொரிக்காமல் குழம்பாகவோ அவித்தோ எடுக்க வேண்டும். கருவாட்டில் புரதம் இருந்தாலும் உப்பு மிகுதி, எனவே அதை மணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. வவுனியாவிலும் அதை அண்டிய பகுதிகளிலும் சிறுநீரக நோய் உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குப் புரதத்தின் அளவு வேறு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் என்ற குருதிப் பரிசோதனை செய்யாமல் மேற்சொன்ன இலக்கைப் பின்பற்றத் தொடங்கக்கூடாது.

சோற்றை முற்றாக விலக்கச் சொல்லவில்லை. மொட்டைக்கறுப்பன் போன்ற குத்திய சிவப்பரிசிச் சோறு, மெல்லும் நேரத்தை நீட்டுவதால் நல்லது. குழையச் சமைத்த வெள்ளைச் சோற்றில் சொதியை ஊற்றிப் பிசைந்தால், பாதி நீராகாரம்போல ஆகி விரைந்து இறங்கிவிடும். புட்டும் தேங்காய்ப்பூவும் பற்றி ஒரு வார்த்தை: தேங்காய் 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு, எனவே மாவுக்குச் சமனாகத் தேங்காய்ப்பூப் போடும் பழக்கத்தைக் கைவிட வேண்டியிருக்கும். சம்பலும் அதே கணக்கில் வரும். தேங்காய்ப்பாலைக் கறிக்குத் தடித்த முதற்பாலாக விடாமல் இரண்டாம் பாலோடு நிறுத்தினால் சுவை பெரிதாகக் குறைவதில்லை, என் மனைவி இதை ஒத்துக்கொள்ள ஆறு மாதம் எடுத்தாலும்.

வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டிலும் கந்தசஷ்டி போன்ற விரத காலத்திலும் புரதம் மெல்ல விழுந்துவிடுகிறது. அந்த நாட்களில் பயறு, கடலை, சோயாமீற், தயிர் என்பவற்றை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். நாள் முழுக்க ஒன்றும் உண்ணாமல் இருந்து மாலையில் பாயாசத்தோடு விரதம் முடிக்கும் வழக்கம் சிறுத்த இரைப்பைக்குப் பொருந்தாது. நோன்பு நோற்கும் முஸ்லிம் சகோதரர்களும் நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் விரதத்தில் இறங்கக்கூடாது.

உண்ணும்போது நீர் குடிப்பதில்லை, உண்டு முடிந்து அரை மணி நேரம் கழித்தே குடிப்பது என்பது உங்களுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கும். மூன்றாம் ஆண்டில் முதலில் தளர்வது இந்த ஒழுங்குதான். உணவோடு நீர் சேரும்போது உணவு விரைந்து இறங்க, மேலும் உண்ண இடம் கிடைக்கிறது. அதேவேளை எங்கள் வெயிலில் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் நீர் போகாவிட்டால் தலைச்சுற்றும் மலச்சிக்கலும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரும். ஒரேயடியாக ஒரு செம்பு நீர் குடிக்கவும் முடியாது. எப்போதும் ஒரு போத்தலைக் கையோடு வைத்து வாய் வாயாகக் குடிப்பதுதான் வழி. உப்புப் போட்ட மோர் மிக நல்லது. சோடாப் பானங்கள் வேண்டாம்.

வற்புறுத்தலைச் சமாளித்தல்

இதை எந்த வைத்தியசாலைத் துண்டுப்பிரசுரத்திலும் நான் காணவில்லை. 2009 இன் முற்பகுதியில் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒருவரின் தட்டை நிரப்புவது அன்பின் வடிவம். தட்டில் சோற்றை மிச்சம் விடுவது ஏறக்குறைய பாவம். எனக்கும் மிச்சம் விட மனம் வருவதில்லை, அதனால் நெஞ்சு அடைக்கும்வரை உண்டு வாந்தியெடுத்த நாட்கள் உண்டு. மிச்சம் விடப் பழகுவதைவிடக் குறைவாகப் போட்டுக்கொள்ளப் பழகுவது எங்களுக்கு இலகுவானது. வீட்டில் கோப்பைத் தட்டு அளவான சிறு தட்டை வைத்துக்கொண்டு, நீங்களே பரிமாறிக்கொள்ளுங்கள். பிறர் வீட்டில், உட்காருவதற்கு முன்பே வீட்டுக்கார அக்காவிடமோ மாமியிடமோ சொல்லிவிட வேண்டும்: "வயித்திலை ஒப்பரேசன் செய்தனான் மாமி, ரெண்டு கரண்டிக்கு மேலை போனால் சத்திதான் வரும், மீனை மட்டும் வடிவாப் போடுங்கோ." மீனைக் கேட்டு வாங்கும்போது அவருக்கும் கொடுத்த நிறைவு கிடைக்கிறது. "டயற்றிலை இருக்கிறன்" என்று சொன்னால் யாரும் விடமாட்டார்கள்; நோயையும் ஒப்பரேசனையும் மதிப்பார்கள்.

வற்றாப்பளைப் பொங்கலும் ஆவணியில் மடுத் திருவிழாவும் வரும்போது நீண்ட பயணமும் நேரம் தவறிய சாப்பாடும் சேர்ந்துவிடும். இரண்டு அவித்த முட்டையும் ஒரு டப்பாவில் கடலையும் பையில் இருந்தால், பஸ் நிற்கும் இடத்தில் ரோல்ஸும் பணிஸும் வாங்க வேண்டிவராது.

குடியைப் பற்றிச் சுருக்கமாக. சத்திரசிகிச்சைக்குப் பின், குறிப்பாகப் பைபாஸுக்குப் பின், மதுசாரம் விரைவாகக் குருதியில் ஏறுகிறது. முன்பு பாதிப்பு ஏற்படுத்தாத அளவே இப்போது தள்ளாட வைக்கும். உணவில் கிடைத்த ஆறுதலைக் குடியில் தேடத் தொடங்குபவர்களும் உண்டு, அது பெரும்பாலும் இரண்டாம் ஆண்டளவில் தலைகாட்டுகிறது. கள்ளும் இதில் விலக்கல்ல.

தராசும் நடையும்

வாரத்துக்கு ஒரு தடவை, வாரத்தின் அதே நாளில், காலையில், உண்ணுவதற்கு முன் நிறை பார்த்து நாட்காட்டியில் எழுதுங்கள். அமெரிக்காவில் நிறையைக் குறைத்துத் தக்கவைத்தவர்களை 1994 முதல் பதிவுசெய்துவரும் ஏட்டில், நான்கில் மூன்று பங்கினர் வாரத்துக்கு ஒரு தடவையேனும் நிறை பார்ப்பவர்கள். அவர்களில் பெரும்பாலானோர் சத்திரசிகிச்சை செய்யாதவர்கள் என்றாலும் பழக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான். வீட்டில் தராசு இல்லாதவர்கள் அருகிலுள்ள அரச வைத்தியசாலையிலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ நிறை பார்க்கலாம். நான் மூன்றாம் ஆண்டில் ஏமாந்தது இதில்தான்: சாரம் உடுப்பவனுக்கு இடுப்பு பெருப்பது தெரிவதில்லை. உங்கள் நிலையான நிறைக்கு மேல் 3 கிலோ என்று ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். அதைத் தாண்டிய வாரமே தேநீரையும் கொறிப்பையும் திருத்த வேண்டும். பத்துக் கிலோ ஏறியபின் வெட்கத்தால் கிளினிக்குக்குப் போகாமல் ஒளிப்பதைவிட அது எவ்வளவோ சுலபம்.

உடலுழைப்பு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேண்டும். காலபோகம் முழுக்க வயலில் நின்றவர் அறுவடை முடிந்ததும் மாமரத்தடியில் கதிரை போட்டு அமர்ந்துவிடுகிறார். அவரது நிறை ஏறுவது பங்குனிக்குப் பிறகு. வயல் வேலை இல்லாத மாதங்களுக்கென்று ஒரு நடையை வைத்திருக்க வேண்டும். குளக்கட்டில் நடப்பது நல்லது. யானை நடமாடும் பக்கமென்றால் நன்கு விடிந்தபின் போங்கள். நடையோடு தசைக்கும் வேலை வேண்டும், ஏனெனில் விரைந்து நிறை குறையும்போது தசையும் கரைந்துபோகிறது. ஐந்து லீற்றர்க் கேன் இரண்டில் நீர் நிரப்பித் தூக்கி இறக்குவதும், கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருப்பதும், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் செய்தால் போதும்.

மாத்திரையும் பரிசோதனையும்

நிறை நன்றாக இருக்கிறது என்பதற்காக விற்றமின் மாத்திரையை நிறுத்துவது, இங்கே நான் காணும் மிகப் பொதுவான தவறு. அவை ஆயுளுக்கும் உரியவை. விற்றமின் பி12, இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் டி ஆகியவற்றின் குறைபாடு ஆண்டுகள் கழித்தும் வெளித்தெரியலாம். சோகையால் களைத்தவர் நடப்பதை விட்டுவிட்டுத் தேநீரை நாடுவதால், அது நிறையையும் பாதிக்கிறது. இரும்புச்சத்தையும் கல்சியத்தையும் இரண்டு மணித்தியால இடைவெளியில் எடுக்க வேண்டும். இரும்பு மாத்திரையைத் தேநீருடன் விழுங்கினால் உடலில் சரியாகச் சேராது. தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவையேனும் குருதிப் பரிசோதனை செய்து, முடிவுகளை ஒரே கொப்பியில் ஒட்டி, சத்திரசிகிச்சையின் வகையையும் திகதியையும் அதன் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள். அவசரத்துக்குப் போகும் வைத்தியசாலையில் உங்கள் வயிற்றில் என்ன செய்யப்பட்டது என்பதை வேறு யாரும் அறியமாட்டார்கள்.

இரண்டு ஆபத்துகளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நாட்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் விற்றமின் பி1 தீர்ந்து, பார்வை இரட்டித்தல், நடை தள்ளாடுதல், குழப்பம் என்று மூளையைத் தாக்கலாம். உடனே வைத்தியசாலைக்குப் போய், குளுக்கோசு சேலைன் ஏற்றுவதற்கு முன்பே சத்திரசிகிச்சை செய்தவர் என்பதையும் பி1 தேவைப்படலாம் என்பதையும் சொல்ல வேண்டும். மற்றையது நாரி நோவுக்குப் பாமசியில் தாமாகவே வாங்கும் டைக்ளோபெனாக், ஐபுபுறூபன் வகை மாத்திரைகள். பைபாஸ் இணைப்பில் புண் உண்டாக்கக்கூடியவை, புகைத்தலும் அப்படியே. சாதாரண நோவுக்குப் பரசிற்றமோல் போதும்.

ஏறிவிட்டால்

இரண்டு வாரம் நீராகாரத்துக்குத் திரும்பினால் பை மீண்டும் சுருங்கிவிடும் என்று சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. அப்படி இறங்குவது பெரும்பாலும் நீரும் தசையும்தான். முதலில் ஏழு நாள், வாயில் போன எல்லாவற்றையும், தேநீரும் பிள்ளையின் தட்டில் மிஞ்சியதும் உட்பட, நேரத்தோடு எழுதுங்கள். பிறகு மருந்துகளைப் பாருங்கள்: இன்சுலின், ஸ்டிரொயிட், மனநோய்க்கான சில மாத்திரைகள் நிறையைக் கூட்டக்கூடியவை, அவற்றை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் மாற்றுவழி கேட்க வேண்டும். தைரொயிட் பரிசோதனையும் தூக்கமும் கவனிக்கப்பட வேண்டியவை. எல்லாம் சரியாக இருந்தும் முன்னையதைவிடப் பெரிய அளவு உணவு இறங்கினால், பை விரிந்துள்ளதா என்று கமரா விட்டுப் பார்க்க வைத்தியர் பரிந்துரைக்கலாம். லிரகுளூட்டைட், செமகுளூட்டைட் போன்ற ஊசிமருந்துகள் நிறை திரும்பியவர்களுக்கும் இப்போது பயன்படுகின்றன. விலை அதிகம், நிபுணரின் மேற்பார்வையின்றித் தொடங்கக்கூடாது.

அந்த ஏழு நாள் பட்டியலை எடுத்துக்கொண்டே கிளினிக்குக்குப் போங்கள். "நான் ஒண்டும் சாப்பிடுறேல்லை டொக்டர்" என்று நானும் சொன்னவன்தான். என் பட்டியலின் மூன்றாம் நாளில் தேநீர் ஒன்பது தடவை எழுதப்பட்டிருந்தது, அதில் ஆறில் பிஸ்கற் இருந்தது.